இரண்டாவது கண்ணாடி

எங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள சலூனில் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்று சுவரில் அறைந்தது. மற்றது சலூன்காரத் தம்பியின் கையில் இருப்பது. முடி வெட்டி முடிந்ததும் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பிடரிக்குப் பின்னால் பிடித்து, "சரியா சேர்?" என்று கேட்பார். சரி என்று தலையாட்டிவிட்டு எழும்புவதுதான் என் வழக்கம். பின்பக்கத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

2008ஆம் ஆண்டு. எனக்கு 29 வயது. அன்று அவர் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துவிட்டார். உச்சியில் ஒரு குற்றி அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம்.

"இதென்ன தம்பி?"

"ஒண்டுமில்ல சேர், உச்சியில கொஞ்சம் காத்து வாங்குது."

மரியாதைக்காக அவர் சொன்ன வார்த்தை அது. வழுக்கை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் கேட்க மனம் வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனிதன் தன் உச்சந்தலையைத் தானே காண முடியாது. அதைக் காண்பவர்கள் பின்னால் இருப்பவர்கள்தான். பஸ்ஸில் பின் ஆசனத்தில் இருப்பவர், பள்ளிவாசலில் பின் வரிசையில் நிற்பவர், வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின் வாங்கிலிருந்து எழும் மெல்லிய சிரிப்புக்கு அன்றுதான் காரணம் விளங்கியது. எனக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் 'பதினாலு' என்பது சில மாதங்களுக்குப் பிறகு தெரியவந்தது. பதினாலாம் பிறைக்கு நான் பொழிப்புரை எழுதத் தேவையில்லை.

ஆசிரியர் ஓய்வறையில் வழுக்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கொரு ஆராய்ச்சி வைத்திருப்பார்கள். வழுக்கை விழுந்தவன் கையில் காசு புழங்கும் என்பார் ஒருவர். எனக்குக் கடன்தான் புழங்கியது. மூளை வேலை கூடினால் முடி கொட்டும் என்பார் இன்னொருவர். கிணற்றுத் தண்ணீரில் உவர் கூடிவிட்டது, தொப்பிக்குள் காற்றோட்டம் இல்லை, பிந்திய வயதில் கலியாணம் முடித்தது என்று காரணங்கள் நீளும். எல்லோரும் சிரிப்போம். மணி அடிக்கும். வகுப்புக்குப் போய்விடுவோம். அந்தப் பேச்சுகளில் தலைக்குக் கீழே ஒரு சாண் இறங்கி இதயத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் நானும் சொன்னதில்லை.

என் வாப்பாவும் வழுக்கைத் தலையர்தான். அவர் தொப்பியில்லாமல் எடுத்த ஒரேயொரு புகைப்படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. காதோரங்களில் மட்டும் முடி. உச்சி வெளிச்சத்தில் மின்னுகிறது. வயல்காரர். வாய்க்கும் சிகரட்டுக்கும் இடையில் பிரிவு வந்தது நோன்புக் காலப் பகல்களில் மட்டும்தான்.

1998ஆம் ஆண்டு, பெரும்போக அறுவடைக் காலம். காலையில் களத்திலிருந்து வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள எரியுது. வாயு போல" என்றார். உம்மா இஞ்சி இடித்துப் போட்டு பிளேன்ரீ கொடுத்தார். நான் முதுகில் எண்ணெய் தேய்த்தேன். கொஞ்சம் குறைந்தது என்றார். பகல் சாப்பாடு வேண்டாம் என்றார். அஸர் நேரம் சாறனும் பெனியனும் நனைகிற அளவுக்கு வியர்த்தது. ஒரு வேன் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. 52 வயது.

ஜனாஸா வீட்டுக்கு வந்தவர்கள், "ஹயாத்து அவ்வளவுதான் மகன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அந்த வார்த்தையில் எனக்கு மறுப்பில்லை. அன்று என்னைத் தாங்கிப் பிடித்ததும் அதுதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டோம் என்பதற்காக, கேட்க வேண்டிய கேள்விகளையும் அவரோடு சேர்த்து அடக்கிவிட்டோம். அவருக்குக் குருதி அமுக்கம் இருந்ததா? சீனி இருந்ததா? அவருடைய வாப்பா எந்த வயதில், எதனால் மவுத்தானார்? வாப்பாவின் கையில் ஒரு தடவையாவது பிரஷர் பார்க்கும் பட்டி கட்டப்பட்டதாக உம்மாவுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

2008ஆம் ஆண்டு சலூனில் உச்சியைக் கண்ட நான், வாப்பாவின் புகைப்படத்தை ஒரு கணம் நினைத்தேன். வாப்பாவின் தலை எனக்கும் வந்துவிட்டது என்று மட்டும்தான் நினைத்தேன். வாப்பாவின் நெஞ்சு வந்திருக்குமோ என்று நினைக்கவில்லை.

அதன் பிறகு பதின்மூன்று, பதினான்கு வருடங்கள் என் தலையோடு நான் நடத்திய போராட்டம் ஒரு தனிக் கதை. கரிசலாங்கண்ணி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, கருஞ்சீரக எண்ணெய், பெயர் தெரியாத ஒரு வைத்தியரின் பச்சை நிறத் தைலம். கடைசியாகப் பார்மசிக்காரர் ஒருவர் தந்த, சம்பளத்தில் ஒரு கடி கடித்துவிடுகிற சின்னப் போத்தல். "தலையில ஊத்தின எண்ணெயச் சட்டியில ஊத்தியிருந்தா ரெண்டு வருசத்துக்குப் பொரிச்சிருக்கலாம்" என்று மனைவி சொல்வாள். பொரித்துச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விடயம்.

அந்தச் சின்னப் போத்தலில் இருந்த மருந்தின் பெயர் மினொக்ஸிடில். அதன் கதையை நான் பிற்பாடுதான் வாசித்தேன். அது முடிக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தே அல்ல. கடும் குருதி அமுக்கத்தைக் குறைப்பதற்காக 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட குளிசை. குருதிக் குழாய்களை விரியச் செய்வது அதன் வேலை. அதைக் குடித்த நோயாளிகளுக்கு முகத்திலும் கையிலும் எதிர்பாராத விதமாக முடி வளர்ந்தது. பக்க விளைவையே பிரதான விளைவாக்கி, 1988ஆம் ஆண்டு தலையில் பூசும் திரவமாக அங்கீகாரம் பெற்றார்கள். பிரஷர் மருந்தின் பிள்ளையை வருடக்கணக்காக உச்சியில் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் பிரஷர் எவ்வளவு என்று தெரியாது. இதை நினைக்கும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

2022ஆம் ஆண்டு உம்மாவைச் சீனி கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். உம்மாவைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டு, நான் பின்னால் சைக்கிளில் போனேன். வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். உள்ளே இருந்த டொக்டர் என் பழைய மாணவர். ஒன்பதாம் வகுப்பில் இதயத்தின் படத்தை என்னிடம் வரைந்து காட்டியவர். உம்மாவைப் பார்த்து முடித்ததும் என் தலையை ஒரு கணம் பார்த்தார்.

"சேர், உங்கட வாப்பா என்னத்தால மவுத்தானார்?"

சொன்னேன்.

"எத்தின வயசில?"

சொன்னேன்.

"நீங்க எப்பயாவது பிரஷர் பாத்திருக்கீங்களா?"

நான் சிரித்தேன். "எனக்கென்ன மகன், ஒரு வருத்தமும் இல்ல. ஆறு மைல் சைக்கிள் ஓடி வந்திருக்கன்."

"சரி சேர். கையை ஒருக்கா நீட்டுங்க."

160க்கு 100. அவர் ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிடம் இருக்கச் சொல்லி மீண்டும் பார்த்தார். கிட்டத்தட்ட அதேதான். அடுத்த கிழமை வரச் சொன்னார். குருதிப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார். அமுக்கம் குறையவில்லை; கூடாத கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. 43 வயது. தலை இடிக்கவில்லை, கிறுதி வரவில்லை, நெஞ்சு நோகவில்லை. எவ்வளவு காலமாக இப்படி இருந்தது என்று கேட்டேன். "அது யாருக்கும் தெரியாது சேர். நீங்க பாக்கல்லயே" என்றார்.

என் தலையைப் பார்த்துத்தான் கேட்டாரா என்று பிறகு ஒருநாள் விசாரித்தேன். "தலையும் ஒரு காரணம்தான்" என்று சொல்லிச் சிரித்தார். உச்சி வழுக்கைக்கும் இதயநோய்க்கும் தொடர்பிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வதாக அவர் கூறியதைக் கேட்டபோது, முதலில் எனக்கு இது இன்னொரு ஓய்வறை ஆராய்ச்சி போலத்தான் பட்டது. பிறகு அவர் தந்தவற்றையும் நானாகத் தேடியவற்றையும் வாசித்தேன். வாசித்ததை ஆசிரியப் புத்தியோடு வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செய்த ஓர் ஆய்வு. முதல் தடவை மாரடைப்பு வந்து தப்பிய, 55 வயதுக்குக் குறைந்த 665 ஆண்களின் தலைகளை, வேறு நோய்களுக்காக ஆஸ்பத்திரியில் இருந்த 772 ஆண்களின் தலைகளோடு ஒப்பிட்டார்கள். முன்நெற்றி ஏறிய வழுக்கைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. உச்சி வழுக்கைக்குத் தெரிந்தது. உச்சி முழுக்கப் போனவர்களில் அது மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது.

2000ஆம் ஆண்டு வெளிவந்தது இன்னும் பெரியது. அமெரிக்க ஆண் டொக்டர்கள் 19,000க்கும் அதிகமானோரிடம், ஐந்து படங்களைக் காட்டி, 45 வயதில் உங்கள் தலை இதில் எது போல இருந்தது என்று கேட்டார்கள். அவர்களை 11 வருடங்கள் தொடர்ந்து கவனித்த விபரங்களோடு வைத்துப் பார்த்தார்கள். வழுக்கை இல்லாதவர்களை விட, நெற்றி மட்டும் ஏறியவர்களுக்கு இதயநோய் வரும் சாத்தியம் 9 வீதம் கூட. உச்சியில் சிறிதாக விழுந்தவர்களுக்கு 23, நடுத்தரமானவர்களுக்கு 32, உச்சி முழுக்கப் போனவர்களுக்கு 36 வீதம். வட்டம் பெருக்கப் பெருக்கக் கணக்கும் பெருத்தது. குருதி அமுக்கம் உள்ளவர்களையும் கொலஸ்ட்ரோல் கூடியவர்களையும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு மேலும் வலுவாக இருந்தது.

2013ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளில் தரமான ஆறை எடுத்து, ஏறக்குறைய 37,000 பேரின் விபரங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். முடிவு ஏறத்தாழ அதே திசையில்தான் இருந்தது. உச்சி வழுக்கைக்குத் தொடர்பு உண்டு. நெற்றி வழுக்கைக்கு இல்லை. இளம் வயதிலேயே விழுந்தவர்களில் தொடர்பு அதிகம்.

2017ஆம் ஆண்டு, நமக்குப் பக்கத்தில், குஜராத்தின் அகமதாபாத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 40 வயதுக்கு முன்பே இதயநாடி நோய் வந்த 790 ஆண்களை, அதே வயதுள்ள சுகதேகிகள் 1,270 பேரோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் 49 வீதமானோர் வழுக்கை உள்ளவர்கள். சுகதேகிகளில் 27 வீதம். இளநரைக்கும் இது போன்றதொரு வேறுபாடு இருந்தது.

இந்த எண்களைக் கண்டு பயப்படுவதற்கு முன்னர் ஒரு கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். 36 வீதம் கூட என்றால், உச்சி வழுக்கை உள்ள நூறு பேரில் 36 பேருக்கு மாரடைப்பு வரும் என்பதல்ல. வழுக்கை இல்லாத நூறு பேரில், ஓர் உதாரணத்துக்கு, பத்துப் பேருக்குக் குறிப்பிட்ட காலத்தில் இதயநோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சி வழுக்கை உள்ள நூறு பேரில் அது பதின்மூன்று அல்லது பதினான்காக இருக்கும். மிகுதி எண்பத்தாறு பேரும் தலையைத் தடவிக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். வீதக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது நான் முதலில் கேட்பது, எதன் வீதம் என்பதைத்தான். பத்திரிகைத் தலைப்புகள் அதை விட்டுவிடுகின்றன.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் பிரமிங்ஹாம் என்ற ஊரில் பல தசாப்தங்களாக நடந்துவரும் இதய ஆய்வின் விபரங்களை 1995ஆம் ஆண்டு பார்த்தபோது, வழுக்கையின் அளவுக்கும் இதயநோய்க்கும் தொடர்பு இருக்கவில்லை. வழுக்கை விரைவாகப் பரவியவர்களில்தான் தொடர்பு இருந்தது. கோப்பன்ஹேகன் நகரில் ஏறக்குறைய 11,000 பேரை 35 வருடங்கள் கவனித்தவர்கள், உச்சி வழுக்கை, நெற்றிப் பொட்டுகளில் ஏறிய வழுக்கை, காதுச் சோணையில் விழும் கோடு, கண் இமையோரத்தில் படியும் மஞ்சள் கொழுப்பு ஆகிய நான்கும் இதயநோயோடு சேர்ந்து வரும் அடையாளங்கள் என்றார்கள். ஆனால் நரைக்கும் சுருக்கத்துக்கும் தொடர்பில்லை என்றார்கள். அகமதாபாத் இளநரைக்குத் தொடர்பு உண்டு என்கிறது. ஊருக்கு ஊர், ஆய்வுக்கு ஆய்வு விபரம் மாறுகிறது. உச்சி வட்டம்தான் அடிக்கடி திரும்ப வருகிறது.

அப்படியானால் வழுக்கைதான் இதயத்தைக் கெடுக்கிறதா? இங்கேதான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை எனக்குக் கைகொடுக்கிறது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் நான் அங்கு பயிற்சி பெற்றேன். கல்வி அளவீட்டுப் பாடத்தில் இணைபுக் குணகம் என்று ஒன்று படித்தோம். இரண்டு விடயங்கள் சேர்ந்து கூடுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பதை விரிவுரையாளர் ஓர் உதாரணத்தோடு சொன்னார். மார்கழியில் ஊருக்குள் குடைகள் கூடுகின்றன. வயலில் வெள்ளமும் கூடுகிறது. குடையைப் பறித்துவிட்டால் வெள்ளம் வடியுமா? இரண்டையும் கொண்டு வருவது மழை.

வழுக்கைக்கும் இதயநோய்க்கும் பொதுவான மழை எது என்பது இன்னும் முழுமையாக அளக்கப்படவில்லை. சில மேகங்கள் மட்டும் தெரிகின்றன. அண்ணகர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை ஹிப்போகிரட்டீஸ் காலத்துக் கிரேக்கர்களே கவனித்திருக்கிறார்கள். அதற்கு ஆண் ஓமோன்தான் காரணம் என்பதை 1942ஆம் ஆண்டு ஹமில்டன் என்ற அமெரிக்கர் நிறுவினார். டெஸ்டோஸ்டெரோனிலிருந்து உருவாகும் இன்னொரு வலிய ஓமோன், பரம்பரையாக அதற்கு உணர்வுள்ள மயிர்க்கால்களைச் சுருக்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனை மயிராகிறது. தலையில் தொப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும். இளம் வயதில் வழுக்கை விழுந்தவர்களில் இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாமை, கூடிய குருதி அமுக்கம், கூடிய கொழுப்பு என்பவை அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இவை இதய நாடிகளைக் கெடுப்பவை. ஆகவே வழுக்கை குற்றவாளி அல்ல. அதே கூட்டத்தோடு சில வேளைகளில் காணப்படும் ஓர் ஆள். அவனைக் கண்டால் மற்றவர்கள் எங்கே என்று விசாரிக்கலாம்; அவனையே பிடித்து அடிப்பதில் பிரயோசனமில்லை. நான் பதின்மூன்று வருடங்களாக எண்ணெயால் அடித்தது அவனைத்தான்.

இதயத்தசைக்குக் குருதி கொடுக்கும் குழாய்களை எங்கள் பாடப்புத்தகங்கள் முடியுரு நாடி என்கின்றன. இதயத்தின் மேல் ஒரு கிரீடம் போலச் சுற்றிக் கிடப்பதால் வந்த பெயர். அரசனுக்கு முடி என்றால் கிரீடம். எங்களுக்கு முடி என்றால் தலைமயிர். எத்தனையோ வருடங்கள் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தலையில் இருக்கும் முடிக்குக் கவலைப்பட்ட அளவில் ஒரு பங்கு, நெஞ்சிலிருக்கும் முடிக்கு நான் கவலைப்படவில்லை.

இத்தோடு கதையை முடித்தால் முடி அடர்ந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். என் மூத்த ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், அப்படித்தான் இருந்தார். சீப்பு நுழையாத தலை. கலியாண வீடுகளில் என் தலையில் கை வைத்து, "மச்சான், ஒங்கட தலையில முகம் பாக்கலாம்" என்பார். 2023ஆம் ஆண்டு, நான் மருந்து குடிக்கத் தொடங்கி ஒரு வருடத்தில், கடையில் கல்லாவுக்கு முன்னால் இருந்தவருக்கு நெஞ்சு இறுகியது. இடது கை கனத்தது. அவரும் வாயு என்றுதான் சொன்னார். ராத்தா இஞ்சி இடிக்கவில்லை. வாப்பாவின் அந்தப் பகலை அவர் மறந்திருக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்று மச்சான் உயிரோடு இருக்கிறார். நாளுக்கு ஒரு பெட்டி சிகரட், பத்து வருடம் பார்க்காமல் விட்ட சீனி. அவருடைய முடி மட்டும் இன்றும் அடர்த்தியாகவே இருக்கிறது.

2004ஆம் ஆண்டு, கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய வைத்திய நிபுணர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. உலகில் வரும் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு ஒன்பது காரணிகள் போதும் என்றது அது. புகைத்தல், கொழுப்பு, குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் குறைந்த சாப்பாடு, உடலசைவின்மை என்று போகும் அந்தப் பட்டியலில் வழுக்கை இல்லை. அந்த ஆய்வில் இலங்கையரும் இருந்தார்கள். அதே விபரங்களை வைத்து 2007ஆம் ஆண்டு வெளியானது எங்களுக்கு உரியது: தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53; ஏனைய நாட்டவருக்கு ஏறக்குறைய 59. வாப்பாவின் 52 எனக்கு அது வரைக்கும் ஒரு தனி வீட்டின் துக்கமாகத்தான் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு அப்படி இல்லை. எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் ஐம்பதைச் சுற்றி ஒரு வாப்பா இல்லாமல் போயிருக்கிறார் என்று விரல் மடித்தேன். இரண்டு கை விரல்களும் போதவில்லை.

தலைமுறையாக வந்ததை என்னால் மாற்ற ஏலாது. பரம்பரையும் வயதும் உச்சி வட்டமும் அவைபாட்டில் இருக்கட்டும். பட்டியலில் இருப்பவற்றை மாற்றலாம். பெற்றோல் வந்த பிறகும் பாடசாலைக்குச் சைக்கிளிலேயே போகிறேன். கருவாடும் ஊறுகாயும் குறைந்திருக்கின்றன. சோற்றுக் கோப்பையில் பாதி மரக்கறி. கொத்து ரொட்டி எப்போதாவது. குளிசையை விடுவதில்லை. 'நல்லாத்தானே இருக்கு' என்று இடையில் இரண்டு மாதம் நிறுத்தினேன். அமுக்கம் திரும்ப ஏறியது. பழைய மாணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆசிரியரைக் கண்டிக்கும் உரிமை மாணவருக்கு உண்டென்பதை அன்று ஒப்புக்கொண்டேன். மினொக்ஸிடில் போத்தலைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். இதயமோ அமுக்கமோ சரியில்லாதவர்கள் அதைத் தாமாக வாங்கிப் பூசக் கூடாது, கேட்டுத்தான் பூச வேண்டும் என்றார். அது மூடியோடு அலுமாரியில் கிடக்கிறது.

என் மகனுக்கு இப்போது 16 வயது. குளித்துவிட்டு வந்து சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "வாப்பா, எனக்கும் ஒங்களப் போல விழுமா?" என்று கேட்டான். விழக்கூடும் என்றேன். அவன் முகம் வாடியது. வாப்பாவின் புகைப்படத்தை எடுத்துக் காட்டி, மூத்தவாப்பாவின் அந்தப் பகலை முதல் தடவையாக அவனுக்கு முழுவதும் சொன்னேன். சிகரட் பற்றியும் சொன்னேன். முப்பதைக் கடந்தால் வருடத்துக்கு ஒருக்கா பிரஷர் பார்ப்பதாக வாக்குத் தந்திருக்கிறான். இந்தக் குடும்பத்தில் தொப்பியோடு அதுவும் கைமாறட்டும்.

சலூன்காரத் தம்பிக்கும் நாற்பது நெருங்குகிறது. மற்றவர்கள் தலையைக் காட்டிக்கொண்டிருந்தவரின் உச்சியிலும் காற்று வாங்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அவரது வாப்பாவும் ஐம்பதுகளில் நெஞ்சு வருத்தத்தால் போனவர். எங்கள் பிரதேச ஆஸ்பத்திரியில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அமுக்கம், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "காலையில கடையப் பூட்ட ஏலா சேர்" என்பார்.

போன மாதம் முடி வெட்டி முடிந்து அவர் சின்னக் கண்ணாடியைப் பிடித்தபோது, நான் அதை வாங்கி, அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் பிடரிக்குப் பின்னால் பிடித்தேன். சுவர்க் கண்ணாடியில் அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை பாடசாலைக்குப் போகும்போது பார்த்தேன். சலூன் பூட்டியிருந்தது. கதவில் பேனையால் எழுதி ஒட்டியிருந்தார்: 'கிளினிக் போயிருக்கிறேன். பத்து மணிக்குத் திறக்கும்.'